ஈரம் பாய்ச்சிய பிறகு

ஜனவரி 9, 2025

இன்று லேபில் தட்டுகளில் வளர்ந்த செல் கூட்டங்களை எண்ணி முடித்தோம். மருந்து போட்டுக் கதிர்வீச்சு கொடுத்த கண்புற்றுச் செல்கள், கதிர்வீச்சு மட்டும் கொடுத்தவற்றில் பாதிதான் பிழைத்திருக்கின்றன. மூன்று வருடத்தில் முதல் நல்ல நாள். கூட வேலை செய்யும் அனீஸ் லேப் முழுக்கத் தேங்காய் பன் கொடுத்தான்.

முதலில் அப்பாவுக்குத்தான் ஃபோன் செய்தேன். நான் தட்டில் வளர்க்கும் அதே புற்று, போன மாதம் அவர் வலது கண்ணுக்குள்ளும் இருப்பதாகச் சொன்னார்கள். என்ன அநியாயம் இது! 22-ஆம் தேதி சென்னையில் கட்டியைக் கருக்கக் கண்ணை ஒட்டிக் கதிர்வீச்சுத் தகடு வைக்கிறார்கள்.

"அந்த மருந்து என்னதான் பண்ணுது அம்மணி?"

"காஞ்ச நெலத்துல உழவு ஓட்டுனா கலப்பை எறங்குமாங்கப்பா? தண்ணி பாச்சிப்போட்டுத்தான ஓட்டுவீங்க? மருந்துதானுங்க தண்ணி. கரண்ட் வெக்கறாங்களே, அந்தக் கதிர்வீச்சுதானுங்க உழவு."

அப்பா சிரித்தார். இத்தனை வருடத்தில் என் வேலை அவருக்குப் புரிந்தது இன்றுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜனவரி 21

சென்னை டாக்டர் ஊரில் இல்லையாம், தேதி தள்ளிப் போயிருக்கிறது என்றார் அப்பா. சரி என்றேன்.

பிப்ரவரி 18

மறுபடியும் தள்ளிப் போய்விட்டதாம். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து கேட்க வேண்டும். நாளைக்கு. இன்று புரொபசருக்குப் படங்கள் அனுப்ப வேண்டும்.

மார்ச் 20

அம்மா ஃபோனில் அழுதுகொண்டே பேசினாள். "டாக்டரு ஊர்லதான் இருந்தாரு கண்ணு. உங்கப்பாதான் ரெண்டு தேதியயும் தள்ளிப் போட்டுப்போட்டாரு. உன்ற மருந்து வரட்டும்னு குக்கி உக்காந்துக்கிட்டாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்ற கையில சத்தியம் வாங்கிப்போட்டாரு."

உடனே ஊருக்குக் கிணத்துக்கடவு பஸ் ஏறினேன். அப்பா தோப்பில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க?"

"ஈரமில்லாம உழவு ஓட்டச் சொல்றயா? நீதான சொன்னே."

"அது இன்னும் எலிக்குக்கூடக் குடுக்கலைங்கப்பா! ஆளுக்குக் குடுக்கப் பத்து வருசம் ஆகுமுங்க!"

"பத்து வருசமா?" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வலது கண்ணில் ஓரமெல்லாம் இருட்டாகத் தெரிகிறது என்று அப்புறம்தான் சொன்னார்.

எனக்கு ஏன் அன்றைக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை? உழவு, தண்ணி என்று அளந்தேனே — தட்டு வேறு, மனிதர் வேறு என்று ஒரு வார்த்தை? ஒரு ஃபோன் செய்து ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு ஃபோன்.

மார்ச் 27, சென்னை

கட்டி தகட்டுக்கு அடங்காத உயரம் வளர்ந்துவிட்டது. கண்ணை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். டிசம்பரில் இருந்த அளவுக்குத் தகடே போதும் என்றுதான் நாள் குறித்தாராம். என்னைப் பார்த்து, "நீங்க இதே துறைதானே?" என்றார். தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் 3

எடுத்துவிட்டார்கள். உள்ளே போகும் முன் அப்பா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார், கட்டியை ஆராய்ச்சிக்குத் தர.

"அதை உன்ற லேபுக்கே குடுக்கச் சொல்லியிருக்கறேன். அதுலயாவது ஈரம் பாச்சிப் பாரு."

படிவத்தில் லேப் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

மே 12

அப்பாவின் செல்கள் தட்டில் வளர்கின்றன. நன்றாகவே வளர்கின்றன. பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஜூன் 18

நானே எண்ணினேன். பிறகு அனீஸை எண்ணச் சொன்னேன். ஒரே கணக்குதான் வந்தது.

ஒன்றும் செய்யாத தட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு செல் கூட்டங்கள். மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்ததில் மூன்று. மருந்தே இல்லாமல் வெறும் கதிர்வீச்சு மட்டும் கொடுத்ததில் — அதிலும் மூன்று.

அப்பாவின் செல்களுக்கு என் மருந்து தேவையே இல்லை. கரண்ட் வைத்திருந்தாலே செத்திருக்கும். டிசம்பரில் டாக்டர் சொன்னது அதைத்தான்.

அனீஸ் தட்டுகளை மூடி வைத்தான்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். எண்ணும் நாள் எதுவென்று நினைவு வைத்திருக்கிறார்.

"என்ன அம்மணி, உன்ற மருந்து வேலை செஞ்சுதா?"

"செஞ்சுதுங்கப்பா."

"பாத்தியா, நாந்தான் சொன்னனல்லொ!" என்று அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது. "அம்மணி மருந்து வந்திருந்தா என்ற கண்ணு நின்னிருக்கும்."