எங்களை எந்தப் படியில் வைத்தாய்?

கம்பளை
18.11.1976

அன்பு மகன் ராஜலிங்கத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது, முருகன் புண்ணியத்தில் இன்றுவரை நானும் அம்மாவும் தங்கச்சியும் சுகம், மாஸ்கோ பனியில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது, இனி அது தொழிலாளி கைக்கு வரும், அதுதான் வரலாற்றின் அடுத்த படி, கறுப்பையா மாமாவோடு தமிழர் ஊரான வவுனியாவுக்கு ஓடாதீர்கள் என்று போன வருஷம் எழுதினாய். படித்த பிள்ளை சொல்கிறானே என்று மாமா கொண்டுவந்த லொறியில் ஏறாமல் இருந்துவிட்டேன். இப்போது வரலாற்றுப் பொருள்முதல்வாதம் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். ஆசியாவில் சமூகம் ஆயிரம் வருஷம் அசையாமல் கிடந்ததாம், வெள்ளைக்காரன் வந்துதான் அசைத்தானாம். அடப் பாவி மகனே, கீழ்க் கிராமத்துச் சிங்களச் சனங்களின் காட்டை வெள்ளைக்காரன் பிடுங்கினான், அதை வெட்டித் தேயிலை வைக்க உன் பூட்டனை இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தான். இன்றைக்கு அவர்கள் தங்கள் காட்டைக் கேட்கிறார்கள், நமக்கோ போக வேறு காடு இல்லை. அவர்களையும் எங்களையும் உன் புத்தகம் எந்தப் படியில் வைத்திருக்கிறது?

இதைக் கேள். போன திங்கட்கிழமை காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், கவ்வாத்துக் கத்திகளை எல்லாம் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்று புது அதிகாரி சொன்னார். தேயிலை வெட்டுகிற கத்தி அவனவன் வீட்டில் இருப்பதுதான் வழக்கம். நாங்களோ துரை காலத்துப் பழக்கத்தில், ஏன் என்று கேட்காமல், தீட்டி எண்ணெய் போட்டு வரிசையில் நின்று கொடுத்தோம். நேற்று எல்லை ஓடைக்கரையில் முன்பின் தெரியாத நாலு பேர் மரம் வெட்டினார்கள். ஒருவன் கையில் என் கத்தி, பிடியில் நான் சுட்டு வைத்த அடையாளம் தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். திரும்பி வந்துவிட்டேன். பயம்தான், வேறென்ன. உனக்குக் கித்துள் பனையில் காய்ச்சிய பாணி கொண்டுவருவாரே கிராமத்துப் பியதாச, அவர் சாயந்தரம் வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திப் போயிருங்க என்று வாசலில் நின்றே சொன்னார். எவ்வளவு கூப்பிட்டும் தேத்தண்ணி குடிக்க உள்ளே வரவில்லை. மாமாவுக்குத் தந்தி அடித்தேன், சனிக்கிழமை லொறி வரும் என்று பதில் வந்திருக்கிறது. உன் புத்தகப் பெட்டியை என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, அதையும் கட்டச் சொல்லிவிட்டேன்.

உன்மேல் கோபம் உண்டு, குற்றம் சொல்ல மாட்டேன், நம்பியது நான்தானே. நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளியைக் கழற்றாதே, நோய்நொடி இல்லாமல் நல்லாயிரு. இனி இந்த விலாசத்துக்கு எழுதாதே. வவுனியாவிலிருந்து என் கையெழுத்தில் கடிதம் வரும். தை பிறந்தும் வரவில்லையென்றால் மாமாவுக்கு எழுதி, லொறி வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேள்.

உன் அப்பா
அழகையா