எட்டு பத்து வண்டி, நாலாவது பெட்டி

1989 செப்டம்பர் 25, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கிருஷ்ணாயில் தீர்ந்தது. மகள் சுதாவுக்குக் காலாண்டுக் கணக்கில் 91, கால் தரையில் நிற்கவில்லை.

அவர் கையில் வாட்ச் இல்லாமல் வந்தார். ஸ்ட்ராப் அறுந்துவிட்டதாம், ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"எந்தக் கடை?"

"பாரீஸ் கார்னர்ல ஒரு கடை."

"கடைக்குப் பேர் இல்லையா?"

"பேரப் பாத்தா வாட்ச் குடுப்பாங்க?"

பொய் சொன்னால் காது சிவந்துவிடும் மனுஷனுக்கு. பதினாறு வருஷமாக அந்தக் காதைப் பார்த்துத்தான் குடும்பம் நடத்துகிறேன்.

ஜூலையில் மிக்ஸி போயிற்று. ஆகஸ்டில் என் தோடு. இப்போது வாட்ச். எல்லாம் ரம்மி. கிளப்பில்கூட இல்லை, மின்சார ரயிலில். தாம்பரத்தில் புறப்படும் எட்டு பத்து, நாலாவது பெட்டி. எதிரெதிரே நாலு பேர், முழங்கால்கள் மேல் ஒரு சூட்கேஸ், அதன் மேல் துண்டு. வண்டி நகர்வதற்குள் சீட்டுப் போட்டாகிவிடும். கேட்டால், "ஒரு மணி நேரம் ஜன்னலையே பாத்துக்கிட்டு போக முடியுமா, வசந்தா?" என்கிறார். ஊரே அப்படித்தானே போகிறது!

செப். 27, புதன்

ஸ்டேஷன் படிக்கட்டில் பூ விற்கும் செல்லம்மா கூப்பிட்டு நிறுத்தினாள். பிளாட்பாரத்தில் நடப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"டீச்சர், சார் தெனம் தோத்துக்கினே கீறாரு போல. சாயங்காலம் மூஞ்சிய தொங்கப் போட்டுகினு எறங்குறாரு. அந்த சபாரி டிரஸ்ஸுக்காரன் மட்டும் ஜோரா கீறான்."

"யாரது?"

"அஞ்சாவதா புச்சா வந்தவன், ரெண்டு மூணு மாசமா. ஆபீஸ் போற ஆளு மாரியே இல்ல. கையில சோத்து டப்பா கெடியாது. போற ஜோர்ல எதிர் வண்டியிலயே வந்துர்றான்."

அரை முழம் கனகாம்பரம் இனாம்.

அவரிடம் சொன்னேன், டிபன் பாக்ஸ் இல்லாதவனோடு சீட்டாடாதீர்கள் என்று. விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. அதுதான் என்னிடம் உள்ள கோளாறு.

செப். 29, வெள்ளி

வாழைக்காய் பஜ்ஜி. சாப்பிட்டுக்கொண்டே ஆபீஸ் கதை சொன்னார். வேறு செக்‌ஷனில் ஒருவர் ரயிலில் சீட்டாடிப் போலீசில் மாட்டி, இப்போது சஸ்பெண்டாம். எல்லோருக்கும் சர்க்குலர் வந்திருக்கிறதாம். "அவன் சத்தம் போட்டு ஆடுவான். நாங்க கமுக்கமா ஆடுவோம்" என்றார்.

பாதி பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இவர் வேலை போனால்? என் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரி. சுதா பத்தாவது. பயம், வேறு ஒன்றுமில்லை, பயம்.

செப். 30, சனி

இன்று எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானம் மூர்த்தியின் மனைவி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. மூர்த்தி அந்த நாலு பேரில் சின்னவன். பெருங்களத்தூர். ஒரு கம்பெனியில் காசாளர். பாங்கில் கட்டச் சொல்லிக் கொடுத்த கம்பெனிப் பணத்தை இரண்டே நாள் காலையில் தோற்றுவிட்டான். புதன்கிழமையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை.

"சார்கூடத்தான்க்கா தெனம் போவாரு. எங்க போனார்னு சார கேட்டுச் சொல்லுங்கக்கா. உசுரோட இருந்தா போதும்."

சார் குளியலறையில். அவள் குரல் கேட்டதும் உள்ளே போனவர் அரை மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். தண்ணீர்க் கஷ்டத்தில் இப்படி ஒரு குளியல்! அவளுக்குக் காப்பி கொடுத்தேன். குழந்தைக்குப் பிஸ்கட்.

அவள் போன பிறகு கதவைத் தட்டினேன். "வாங்க வெளிய. போயிட்டா." கண்ணெல்லாம் சிவப்பு. ஒரு சொட்டுகூடக் குளித்திருக்கவில்லை.

சாயங்காலம் ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். எந்த வண்டி, எந்தப் பெட்டி, சபாரிக்காரன் எப்படி இருப்பான், எல்லாம். அக்டோபர் 4 புதன்கிழமை வரும்படியும் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் இவரை வீட்டில் பிடித்து வைத்துவிடுவது. போஸ்ட் பாக்ஸில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று தட்டிப் பார்த்தேன்.

அக். 1, ஞாயிறு

மூர்த்தி காட்டாங்குளத்தூரில் அக்கா வீட்டில் இருந்தானாம். கம்பெனி புகார் கொடுத்துவிட்டது. போலீஸ் கூட்டிப்போய்விட்டது. அந்தப் பெண் ஜாமீனுக்கு அலைகிறாள். அவர் சாப்பிடவில்லை. இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

அக். 3, செவ்வாய்

விடவில்லை. இன்று அதே வண்டி, அதே பெட்டி. புதுக் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்: "அவன்கிட்டயிருந்து ஜெயிச்சு மூர்த்திக்குக் குடுக்கணும்." காது சிவக்கவில்லை. நிஜமாகவே நம்புகிறார்.

அக். 4, புதன்

காலை ஆறு மணிக்கு வயிற்றுவலி எனக்கு. புரண்டு புரண்டு நடித்தேன். மனுஷன் பதறிப்போய் லீவு சொல்ல டெலிபோன் பூத்துக்கு ஓடினார். திரும்பி வந்து ஓம வாட்டர், சுக்குக் கஷாயம், மிளகு ரசம், ஒன்று மாற்றி ஒன்று. எனக்கும் பள்ளிக்கூட லீவு, வசமாக மாட்டிக்கொண்டேன். அவரும் சுதாவும் பூரி மசால் சாப்பிட்டார்கள். எனக்குக் கஞ்சி. வாசனைக்கே உயிர் போயிற்று.

மத்தியானம் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "ரொம்ப வலிக்குதா?" என்றார். வலித்தது. வேறு இடத்தில்.

அக். 5, வியாழன்

செல்லம்மாவிடம் மெதுவாக விசாரித்தேன், நேற்று ஸ்டேஷனில் போலீஸ் வந்ததா என்று. "போலீசா? ஈ காக்கா வரல டீச்சர்." அடப்பாவிகளா! அந்தக் கஞ்சியெல்லாம் வீணா?

இனி எந்த நாளில் வேண்டுமானாலும் வருவார்கள். நாளைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். முடியவே முடியாதாம், நாளை பெட்டி பூஜை. ஆயுத பூஜை திங்கட்கிழமைதான். ஆனால் சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் பெட்டிக்கு முன்னாடியே பூஜை போட்டுவிடுவார்கள். வாழைக்கன்று, கலர் தோரணம், சாமி படம், பொரி. சுண்டல் இவர் பொறுப்பு. இரண்டு கிலோ கொண்டைக்கடலை ஊறப்போட்டிருக்கிறேன். புருஷனைப் பிடித்துக்கொண்டு போகப்போகிற போலீசுக்கும் சேர்த்து.

அக். 6, வெள்ளி

வந்துவிட்டார்கள்.

நாள் முழுக்க வாசலிலேயே நின்றேன். ஏழு மணிக்குச் சுண்டல் தூக்கோடு அவர் வருகிறார், விபூதி பட்டையாக, முழுசாக. சாப்பிட உட்கார்ந்து சொன்னது:

"ஆயுத பூஜைன்னா அவங்கவங்க சாமானை சாமிகிட்ட வைக்கணும் இல்ல? பேனா வச்சோம், டிபன் பாக்ஸ் வச்சோம். சீட்டுக் கட்டையும் வச்சோம். சந்தனம், குங்குமம், மேல ஒரு முழம் கதம்பம். பூஜையில வச்சத எப்படி எடுக்கிறது? அந்த சபாரி, என்கிட்ட வேற கட்டு இருக்கு, ஒரே ஆட்டம்னு உயிரை வாங்கினான். இன்னிக்குத் தொடக்கூடாதுன்னுட்டோம். குரோம்பேட்டையில போலீஸ் ஏறிச்சு."

"ஐயோ!"

"இன்ஸ்பெக்டர் சீட்டாட்டத்தைப் பிடிக்க வந்தாரு. சீட்டு மாலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. 'இன்னாய்யா இது, இத்த எப்படி ஜப்தி பண்றது? சாமிகிட்ட கீது'ன்னு தலையைச் சொறிஞ்சாரு. நான் பயத்துல சுண்டலை நீட்டிட்டேன். ரெண்டு தடவை வாங்கினாரு."

சபாரிக்காரன் பல்லாவரத்தில் குதித்து ஓடியிருக்கிறான். படிக்கட்டிலேயே பிடித்துவிட்டார்கள். பையில் ஐந்து கட்டு, ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் நகக்கீறல். மூர்த்தி தோற்றது, தோடு, மிக்ஸி, எல்லாம் அந்தக் கீறலில் போயிருக்கிறது.

பிறகு சொன்னார்: "ஒரு மொட்டைப் பெட்டிஷன் போயிருக்கு, வசந்தா. இன்ஸ்பெக்டர் பெட்டிக்கே கேக்கிற மாதிரி படிச்சாரு. கடைசியில, 'ஆடுகிறவர்களில் ஒருவர் என் கணவர். நல்ல மனுஷர். அவருக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளவும்'னு. நாங்க மூணு பேரும் தலையே நிமிரல. ஒவ்வொருத்தனுக்கும் அவன் பொண்டாட்டின்னு சந்தேகம்."

நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"எனக்கும் மொதல்ல நீயோன்னு பக்குனு ஆச்சு. அப்புறம் 'நல்ல மனுஷர்'னு வந்துச்சா, சரி, நீயில்லன்னு நிம்மதியாயிட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே ஒரு தடவைகூடச் சொல்லவில்லையா நான்?

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. அதைத் தட்டில் வைத்துவிட்டு, "அந்தக் கடைசி வரி?" என்றார்.

"அதுவும் நான்தான்."

எழுந்து கை கழுவப் போனார். இந்தத் தடவை குழாயைத் திறக்கவில்லை. கதவையும் சாத்தவில்லை. அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

அக். 8, ஞாயிறு

மூர்த்தி ஜாமீனில் வந்தான். இவரே பெருங்களத்தூர் போய்ப் பார்த்தார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வந்ததும் சொன்னார், இனிமேல் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் போகப்போகிறாராம். அது தாம்பரம் வரும்போதே நிரம்பி வழியும். பீச் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போக வேண்டும். நிற்கிற இடத்தில் துண்டு விரிக்க முடியாது.

அக். 11, புதன்

மழை. ஸ்கூல் திறந்தது. செங்கல்பட்டு வண்டியில் போய் வந்தார். இரண்டு காலும் வீக்கம், யாரோ மிதித்துச் சுண்டுவிரல் நகம் கறுத்திருக்கிறது. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாராம். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொன்னேன்.

நாளைக்கும் வலிக்கட்டும் சாமி.