இருபத்திரண்டு நாள் பால்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

மகள் பஸ்லாவுக்குப் புட்டு அவித்துக் கட்டிக்கொடுத்தேன். பாடசாலை வேனில் ஏற்றிவிட்டேன். உடுப்புத் துவைத்தேன். பதினொரு மணிக்குள் இரண்டு சட்டை மாற்றியாயிற்று. பிள்ளையை அடக்கி எட்டு நாளாகிறது. பாலுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை போல. தன் பாட்டுக்கு ஊறுகிறது.

ஆகஸ்ட் 7

மூன்று நாள் இருந்தான். இருதயத்தில் கோளாறு என்றார்கள். கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு தடவை காலைத் தொட்டேன். அவ்வளவுதான்.

நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது ஹஸீப் பிள்ளையை அடக்க மையவாடிக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே பெயர் கேட்டார்களாம். அம்மார் என்று இவரே சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் வேறு பெயர் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லைதான். இருந்தாலும்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடியும்வரை தொழவும் முடியாது. தொழுதாலாவது நேரம் போகும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மருத்துவமாது சந்திரகாந்தா மிஸ்ஸி என்னைப் பார்க்க வந்தார்.

“நெஞ்சு கல்லு மாதிரி இருக்கே றமீஸா. காய்ச்சல் வருதா? பால நிப்பாட்ட டொக்டர்கிட்ட மாத்திரை எழுதி வாங்கித் தாறேன்.”

கை கழுவிக்கொண்டே வேறு ஒரு கதையும் சொன்னார். மேல் தேயிலைத் தோட்டத்தில் ரஜிதா என்று ஒரு பிள்ளை. பெற்றவுடன் இரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். குழந்தையை அவள் நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். டின்னில் வரும் மாப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றால் போகிறது.

மிஸ்ஸி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். “நான் குடுத்தா?”

கையைத் துடைக்காமலே நின்றார். “டொக்டர்கிட்ட கேக்கணும். உங்க வீட்டுலயும் கேக்கணுமே.”

ஏன் கேட்டேன்? இப்போதும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 10

மாமிக்குப் பிடிக்கவில்லை. “நம்மட புள்ள மவுத்தாகிப் பன்னெண்டு நாள்தான். அதுட பால யாருக்கோ கொண்டு குடுக்கவா?”

“அப்ப அத நான் எங்க ஊத்த, மாமி? தண்ணி போற கானுக்குள்ளயா? தினமும் கானுக்குள்ளதானே ஊத்துறேன்!”

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மாமியிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. மாமி தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

இவர் ஓட்டோவை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போனார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்து வாசலிலேயே நின்று சொன்னார்: “குடுக்கலாமாம். அஞ்சு தரம் வயிறு நெறயக் குடிச்சா நம்மட புள்ள மாதிரிதானாம், பஸ்லாவுக்குத் தம்பி. பொறகு மறந்துபோகக் கூடாது, எழுதி வெக்கச் சொன்னாரு.”

எழுதுவது என் வேலை. சரி.

ஆகஸ்ட் 12, திங்கள்

என் இரத்தப் பரிசோதனைத் துண்டுகளை டொக்டர் பார்த்துச் சரி என்றுவிட்டார். காலையில் இவருடைய ஓட்டோவில் போனோம். தோட்டத்து லயத்தில், வரிசையின் கடைசிக் காம்பரா. நாத்தனார் நிரஞ்சனி குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். தோல் சுருங்கி, கிழவன் முகம். அழக்கூடச் சத்தம் இல்லை.

பிடித்துக்கொண்டான். பசியில் அப்படி ஒரு பிடி.

“வலிக்குதாக்கா? அழுவுறீங்க.”

“இல்ல.”

அம்மார் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இவன் குடிக்கிறான். குடித்துக் களைத்து, வாயை எடுக்காமலே தூங்கிவிட்டான். நான் செய்வது அம்மாருக்குத் துரோகமா? வீட்டுக்கு வந்து பஸ்லாவின் தலையைப் பின்னிவிட்டேன். பல நாளுக்குப் பிறகு நேராக வகிடெடுத்தேன்.

ஆகஸ்ட் 15

ஐந்து தடவைக்கு மேலாகிவிட்டது. எழுதி வைக்கிறேன்: ரஜிதா, சசிக்குமார் இருவரின் மகன், என் பால் மகன். பெயர் இன்னும் வைக்கவில்லை. குட்டி என்கிறார்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலையும் மாலையும் போகிறேன். இடைநேரத்துக்குப் பீய்ச்சிப் போத்தலில் கொடுத்துவிட்டு வருகிறேன். குட்டி நானூறு கிராம் கூடியிருக்கிறான். மிஸ்ஸி தராசை இரண்டு தரம் பார்த்தார்.

இவர் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை, ஓட்டோவிலேயே இருப்பார். இன்று திரும்பும்போது, “குடிச்சானா?” என்று கேட்டார். நல்லாக் குடிச்சான் என்றேன். வளைவில் ஓட்டோவை நிறுத்திவிட்டார். ஹாண்டிலில் தலையை வைத்துக்கொண்டு அழுதார்.

“என்ட கையாலதானே குழியில வெச்சேன், றமீஸா. பேரில்லாம வெக்க மனசு வரல்ல.”

என்னிடம் கேட்காதது ஏன் என்று இனிக் கேட்க மாட்டேன்.

செப்டெம்பர் 2, திங்கள்

ரஜிதா வந்துவிட்டாள்.

மாலையில் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வேன் வந்து நின்றது. சசிக்குமார் அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிவந்தான். மஞ்சளாக, குச்சியாக இருந்தாள். நான் பதறிப்போய்க் குட்டியை அவள் மடியில் வைத்தேன். வீறிட்டு அழுதான். தலையைத் திருப்பித் திருப்பி என் பக்கம் தேடினான். நான் தூக்கியதும் நின்றுவிட்டான்.

தூக்கியிருக்கக் கூடாது.

ரஜிதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் செருப்பைப் போடும்போது சொன்னாள்: “ரொம்பப் புண்ணியம்க்கா. நாளையில இருந்து வர வேணாங்க.”

செப்டெம்பர் 3

போகவில்லை. நெஞ்சு மறுபடி கல். நான் என்ன தப்பு செய்தேன்? அவ புள்ளைய நான் பறிச்சேனா? சாகக் கெடந்தத தூக்கித்தானே விட்டேன்! இருபத்திரண்டு நாள். எனக்குன்னு எதுவுமே நிக்காதா யா அல்லாஹ்?

மாமி கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அங்கேயே உட்கார்ந்தார். கோப்பை காலியாகும்வரை எழும்பவில்லை.

செப்டெம்பர் 4

நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதைவிட மோசமாகச் சொல்லியிருப்பேன்.

செப்டெம்பர் 5, வியாழன்

மறுபடி மாப்பால் கொடுக்கிறார்களாம், ரஜிதாவுக்குப் பால் சுரக்கவில்லை என்று மிஸ்ஸி சொன்னார். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பால் கொடுக்க வரவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

“ஒங்க பாலு வரும் ரஜிதா. அவன் சப்பச் சப்ப வரும். நா இவன வாங்க மாட்டேன்.”

“வயித்தையே அறுத்து எடுத்துட்டாங்க. பாலு மட்டும் எங்கேருந்துக்கா வரும்?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றார் மிஸ்ஸி.

வீட்டில் பீய்ச்சிய பாலைக் கரண்டியில் எடுத்து, அவள் மார்பில் சொட்டுச் சொட்டாக விட்டேன். அது வழிந்து குட்டியின் வாய்க்குப் போனது. அவளிடமே சப்பினான். அவன் தலையை அவள் பிடித்திருந்தாள், கரண்டியை நான் பிடித்திருந்தேன். அரை மணி நேரம் அப்படியே இருந்தோம்.

கிளம்பும்போது, “நாளைக்கும் வருவீங்களாக்கா?” என்றாள்.

செப்டெம்பர் 18, புதன்

இன்று கரண்டி தேவைப்படவில்லை. குட்டியின் வாயோரம் வழிந்ததைத் தொட்டுப் பார்த்து ரஜிதா, “இது ஏம் பாலா? ஏம் பாலாக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். சிரித்தோம். பிறகு லயத்துக்குப் பின்னால் தண்ணிப் பீலிக்குப் போய், முகம் கழுவுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டெம்பர் 30

பால் நின்றுவிட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

இரண்டு மாதமாக இந்தக் கொப்பியில் எழுதவில்லை. செவ்வாய்தோறும் மிஸ்ஸியுடன் வீடுகளுக்குப் போகிறேன். பால் கட்டியவர்கள், பிள்ளை மார்பைப் பிடிக்காமல் அழுகிறவர்கள். இன்று பஸ்ஸில் போகும்போதுதான் மிஸ்ஸி சொன்னார், நாங்கள் போகிற வீட்டில் பிள்ளை இல்லை என்று. ஸில்மியா. இருபத்தொரு வயது. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது, ஆறு நாளாகிறது.

கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் துணி கட்டியிருந்தார்கள். ஆறு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவள் உம்மா காதில் சொன்னார். துணியை அவிழ்த்துவிட்டு, ஈரத் துணி வைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்களுக்கு எத்தன புள்ள, ராத்தா?”

ஒன்று என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லிவந்தேன்.

“மூணு பேர்” என்றேன். “மூத்தவ ரெண்டாம் வகுப்பு. ரெண்டாவது மையவாடியில. மூணாவது தோட்டத்துல, அவன்ட உம்மாகிட்ட.”

அப்படியே என் தோளில் விழுந்து சத்தம் போட்டு அழுதாள். வாசலில் நின்ற மிஸ்ஸி கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கையைக் காட்டினார். நீங்கள் போங்கள் என்று தலையசைத்தேன்.