முதுகில் போட்ட தையல்

தை மாசக் கடைசி. இந்தி வேண்டாமென்று பிள்ளைகள் பஸ்ஸை மறித்த வருஷம்.

இன்று என் மகன் அந்தோணியை அடக்கம் செய்தோம். காய்ச்சலில் போனான். பஸ் ஓடாததால் ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டு வண்டியில்தான் செஞ்சிக்குக் கொண்டுவந்தோம். அதற்குள் கைகள் விறைத்துவிட்டன. ஈஸ்டருக்கென்று அவனே மெஷினில் தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட வேண்டும் என்றாள் மருமகள். கை நுழையவில்லை. முதுகுப் பக்கம் வெட்டி, முன்னாலிருந்து மாட்டி, பின்னால் தைப்பதைத் தவிர வழியில்லை.

“வெட்டாதீங்க மாமா. பாத்துப் பாத்துத் தச்சாரு.”

“வெறும் உடம்போட அனுப்பிடலாமாம்மா?”

வெட்டினேன். மெஷினிடம் துணிதான் போக வேண்டும், அது ஆளிடம் வராது. அவனை ஒருக்களித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கை ஊசியை எடுத்தேன்.

“இன்னா நைனா, நீ நூல் கோக்குறதுக்குள்ள நான் சட்டையையே முடிச்சுடுவேன்” என்று எங்கள் தையல்கடையில் மெஷினை மிதித்தபடி கடைத்தெருவே கேட்கச் சிரிப்பான். இன்று நூல் கோக்க நெடுநேரம் ஆனது. யாரும் சிரிக்கவில்லை.

கழுத்துக்குக் கீழே ஊசி அவன் தோலில் ஏறிவிட்டது. நான்தான் கையை உதறிக்கொண்டேன். அவன் அசையவில்லை. ரத்தமும் வரவில்லை. அதுவரை எனக்கு அவன் சாகவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மகள். பெற்ற பிள்ளைகளில் இனி உயிரோடு இருப்பது இவள் ஒருத்திதான், மரியம்மாள்.