இண்டிபேரு இல்லாத பெயர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் பாவனை, வரவில்லை. வீட்டுக்காரர் ஆல்வின் 5.40 கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிய வேகத்தில் டிபன் டப்பா மேஜைமேலேயே. சைனிக்புரியிலிருந்து ராமச்சந்திராபுரத்தில் அவர் ஃபேக்டரிக்குக் கொண்டுபோயா கொடுக்க முடியும். நானே மதியம் தின்றேன். இரண்டு ஆள் தயிர்சாதம்.

11 மணிக்கு ஆபீஸில் மேனேஜர் பிரபாகர் கூப்பிட்டார். சனிக்கிழமை சனத்நகர் ரப்பர் கம்பெனியில் விபத்தாம். ரப்பரை வேகவைக்கும் பெரிய நீராவிக் கலம். அதில் நாங்கள் செய்துகொடுத்த கண்ட்ரோல் பேனல். உள்ளே நீராவி இருக்கும்போதே ஆபரேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். முகம், வலது கை, தோள். உயிர் இருக்கிறது.

"சிம்பிள் கேஸ் ஸ்டெல்லா. கேஜ்ல ப்ரெஷர் கனிபிஸ்துந்தி, அயினா ஓபன் சேசாடு." அழுத்தம் காட்டும் கேஜின் முள் நீராவி இருக்கிறது என்று காட்டியும் திறந்தாராம். பேனலில் ஓடும் புரோகிராம் என்னுடையது, ஆகவே ரிப்போர்ட்டும் நான் எழுத வேண்டும். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று ஒரு பக்கம். வெள்ளிக்குள் கையெழுத்தோடு.

ஆபரேட்டர் பெயர் கேட்டேன். "நரசிம்முலுவோ என்னவோ" என்றார். இருபத்தாறு வருட சர்வீஸ். ரிப்போர்ட் அப்படிப் போனால் அந்தக் கம்பெனி அவரைத் திரும்ப உள்ளே விடாது.

ஜூன் 10, செவ்வாய்

செய்ய வேண்டியவை: காஸ் புக். மூக்குக்கண்ணாடிக் கால் சரிசெய்ய. ரப்பர் கம்பெனியிலிருந்து பேனல் பதிவு. ஆபீஸின் புது ஃபாரம்.

ஃபாரம் ஒரு ரோதனை. குடும்பப் பெயர் கட்டாயமாம். எஸ். என்று போட்டேன், ஒரெழுத்து செல்லாது என்று சிவப்பு. அப்பா பெயர் சவரிமுத்து என்று போட்டேன், அது உங்கள் பெயரா என்று கேள்வி. பிரபாகர் பின்னால் நின்று சிரித்தார். "மீ தமிழ்வாள்ளகி இண்டிபேரே லேதுகதா!" வீட்டுப் பெயர் இல்லாத ஜனங்கள். பதினெட்டு வருடமாக அதே ஜோக். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள்தான் நானும்.

மாலை பதிவு வந்தது. பேனலுக்கு வரும் அலாரம் எல்லாம் எண்கள். 11 கேஜ் பழுது. 12 தண்ணீர் குறைவு. 13 உள்ளே நீராவி, திறக்காதே. போன வாரம் முழுக்க 12, 12, 12. சனிக்கிழமை ஒரு 13. பதினொன்று ஒன்றுகூட இல்லை.

ஆனால் விபத்துக்குப் பிறகு யாரோ போனில் எடுத்த படத்தில் பேனல் திரை: "கேஜ் பழுது. மாற்றவும்." 13 வந்தால் சைரன் அலற வேண்டும், மூடிப் பூட்டு விடக் கூடாது. அலறவில்லை. விட்டிருக்கிறது.

அந்த வாரத்தில் மட்டும் ரப்பர் கம்பெனி ஸ்டோரிலிருந்து மூன்று புது கேஜ் போயிருக்கிறது. மூன்றையும் வாங்கியவர் நரசிம்முலு.



ஜூன் 11, புதன்

மழை. பாலாநகர் பக்கம் முழங்கால் தண்ணீர். ஒரு மணி நேரம் லேட்.

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

எனக்கே புரியும்படி எழுதி வைக்கிறேன். நாங்கள் எழுதுவது ரஸ்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில். அதில் மேட்ச் என்று ஓர் இடம். வரும் எண்ணைக் கிளை கிளையாக ஒப்பிடும். முதல் கிளை கேஜ் பழுது, அடுத்தது தண்ணீர், அடுத்தது நீராவி. ஒவ்வொரு கிளையிலும் எண் இருக்காது, ஒரு பெயர்தான் இருக்கும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்பது வேறொரு ஃபைலில் கான்ஸ்டன்டாக, மாறாததாக.

எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் கேஜ் என்பதை இங்கிலீஷில் தப்பாக எழுதி வைத்திருந்தார். ஜி-க்குப் பிறகு ஏ, யு வர வேண்டும். அவருக்கு யு, ஏ. கான்வென்டில் ஸ்பெல்லிங் தப்புக்கு முட்டியில் ஸ்கேல் அடி வாங்கியவள் நான். பார்த்ததும் கை அரித்தது. கான்ஸ்டன்ட் ஃபைலில் திருத்தினேன். உடனே, எழுதியதைச் சரிபார்த்து மெஷினுக்கு மாற்றித்தரும் கம்பைலர் நான்கு இடத்தில் கத்தியது, பழைய பெயரில் இங்கே யாரும் இல்லை என்று. நான்கையும் திருத்தினேன். கத்தல் நின்றது. கத்தல் நின்றால் வேலை முடிந்தது என்று நம்பியே காலம் தள்ளியவள்.

ஐந்தாவது இடம் மேட்ச்சின் முதல் கிளை, பழைய பெயரோடு அப்படியே. அங்கே மட்டும் தெரியாத பெயர் வந்தால் தப்பு என்று சொல்லாது. யாரோ புதுப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். வந்ததையெல்லாம் அதிலேயே ஊற்றும். கீழே இருக்கும் கிளைகளுக்கு ஒரு சொட்டு போகாது. பன்னிரண்டு வந்தாலும் கேஜ் பழுது. பதின்மூன்று வந்தாலும் கேஜ் பழுது.

டெஸ்ட்? செய்தேனே. கேஜ் பெயரைத்தானே திருத்தினேன் என்று 11-ஐ மட்டும் அனுப்பிப் பார்த்தேன். கேஜ் பழுது என்று அழகாக வந்தது. பாஸ். மே கடைசியில் அவர்கள் பேனலில் ஏற்றினார்கள்.

இன்னொன்றும் உறைத்தது. கிளையில் பெயருக்கு முன்னால் அது இருக்கும் ஃபைலின் பெயரையும் சேர்த்து எழுதலாம், தெலுங்குக்காரர்கள் இண்டிபேரை முன்னால் சொல்வதுபோல. அப்படி எழுதியிருந்தால் இந்த வீட்டில் அப்படி ஒருவர் இல்லை என்று கம்பைலர் அங்கேயே நிறுத்தியிருக்கும். நான் வெறும் பெயரை எழுதும் ஜாதி.

கம்பைலர் ஊமையும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கும், கீழ்க்கிளைகளுக்கு வழியே இல்லை என்று. எனக்கு ஏன் மஞ்சள் வரவில்லை? புரோகிராமின் முதல் வரியைப் பார்த்தேன். "எந்த எச்சரிக்கையும் வேண்டாம்" என்று அர்த்தம் வரும் ஓர் உத்தரவு. அதைப் போட்டது யார் என்று பார்த்தால் என் பெயர்.

ஜூன் 12, வியாழன்

தலைவலி. கோயில் செக்ரட்டரி போன், ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் நான்தானாம்.

பீரோவிலிருந்து இந்த வருடத்து முதல் டைரி நோட்டை எடுத்தேன். இருக்கிறது. பிப்ரவரி 18: "நாளை கஸ்டமர் விசிட். ஸ்க்ரீன்ல இந்த மஞ்சள் வரியெல்லாம் அசிங்கமா இருக்கு, தீசேய் என்றார் பிர. எடுத்தேன். வஞ்சிரம் கிடைக்கவில்லை." மார்ச் 4: "கேஜ் ஸ்பெல்லிங் சரிசெய்தேன். நமக்கு முன்னால் ஒருத்தருக்கும் கண் இல்லை." பெருமை வேறு.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆல்வினிடம் சொன்னேன். பாதி கேட்டதுமே தீர்ப்பு சொன்னார். ஃபேக்டரிக்காரர் அல்லவா.

"முள்ளு காட்டுது, அப்புறமும் தொறந்தானா? எங்ககிட்ட இப்படிப் பண்ணா அன்னிக்கே வெளியே."

"கேஜ் கெட்டுப்போச்சுன்னு ஒரு வாரமா என் பேனல் அவருக்குச் சொல்லிட்டிருந்துதுங்க. மூணு கேஜ் மாத்தியும் அதையே சொல்லுது. அப்புறம் முள்ளை எப்படி நம்புவாரு?"

கை தட்டிலேயே நின்றது. "ஹவ்... ஆமா, பாவம்யா." ரசம் ஊற்றிக்கொண்டே தன் ஹைதராபாத் உருதுவைக் கலந்தார். "சரி. கைக்கு, எதுக்கு நீ போயி மாட்டிக்கற? நக்கோ ஸ்டெல்லா, வேணாம். சொன்னபடி எழுதிக் குடுத்துட்டு வா. இன்னும் பத்து வருஷம் வேலை பாக்கணும் நீ."

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சல். இருபத்தாறு வருட ஆள் ஒருவரைப் பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த வாயில் கைவிட முடிகிறது. எனக்கும் ஒரு நிமிடம் அது நல்ல யோசனையாகப் பட்டது. எழுதி வைக்கிறேன், மறைப்பானேன்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். காஸ் வந்துவிட்டது.

இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஒன்று என் ஸ்பெல்லிங் திருத்தம். இரண்டு மஞ்சள் வரிகளை அடைத்தது, மேனேஜர் சொல்லி. மூன்று, ஆபரேட்டர் மேல் தப்பே இல்லை.

பிரபாகர் முழுக்கப் படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எல்லோ லைன்ஸ் தீசேயமனி நேனு செப்பானா? மெயில் உந்தா?" அவர் சொன்னதற்கு மெயில் இருக்கிறதா என்கிறார். நின்றுகொண்டு, டீ கப்போடு, வாயால் சொன்னார். மெயில் ஏது. வஞ்சிரம் கிடைக்கவில்லை என்று எழுதிய நோட்டை எந்தக் கமிட்டி முன் நீட்டுவது.

"ரெண்டு சேஞ்சஸூ மீ பேருலோனே உன்னாயி ஸ்டெல்லா. ஆலோசிஞ்சண்டி." இரண்டு மாற்றமும் என் பெயரில்தான் இருக்கிறதாம், யோசித்துப் பார்க்கச் சொல்கிறார். அவர் தயாரித்த ஒரு பக்கத்தை நகர்த்தினார். ஆபரேட்டர் கவனக்குறைவு, கீழே என் கையெழுத்துக்குக் கோடு.

போடவில்லை. பேனாவில் மையில்லை என்றேன். என்ன ஒரு வீரம்.

ஜூன் 15, ஞாயிறு

வாசகத்தில் ஒரு வரி விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

கையெழுத்துப் போடவே மாட்டேன் என்று சொல்லத் தயாராகப் போனேன். பஸ்ஸில் வசனமெல்லாம் ஒத்திகை.

தேவைப்படவில்லை. ரிப்போர்ட் சனிக்கிழமையே போயாயிற்று. அவருடைய ஒரு பக்கம். "தயாரித்தவர்: எஸ். ஸ்டெல்லா." அடியில் சின்ன எழுத்தில்: "இது கணினி மூலம் தயாரிக்கப்பட்டது. கையெழுத்து தேவையில்லை."

நான்கு நாள் தூக்கம் கெட்டு மனசாட்சியோடு மல்லுக்கட்டியது இந்தக் கையெழுத்துக்கா. என் பெயர் என்ற பாத்திரத்தில் எதை வேண்டுமானாலும் ஊற்றலாம்.

சரிசெய்த புரோகிராமை அனுப்பச் சொன்னார். "வழக்கமான மேம்பாடு" என்ற பெயரில். அனுப்பினேன், அது போயே ஆக வேண்டும். மஞ்சள் வரிகளைத் திறந்துவிட்டுத்தான் அனுப்பினேன். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலை 10.05: ரப்பர் கம்பெனி மேனேஜருக்கு நேராக மெயில். என் இரண்டு பக்கமும், பதிவும். தயாரித்தவர் என்ற இடத்தில் சவரிமுத்து ஸ்டெல்லா.

11.20: என் லாகின் வேலை செய்யவில்லை.

11.40: எச்.ஆர். பெண் டீ வாங்கிக் கொடுத்து, "மேடம், ஃபாரம்ல உங்க சர்நேம் இன்னும் பெண்டிங்" என்றாள். கணக்கு முடித்து அனுப்பும் செட்டில்மென்ட்டுக்கு வேண்டுமாம். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

ரப்பர் கம்பெனியிலிருந்து பதில் இல்லை. ஆல்வினிடம் சொன்னேன். டிபன் டப்பாவை அவரே கழுவி வைத்தார்.

ஜூன் 18, புதன்

தூறல். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த இரண்டு பக்கத்தையும் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் கவரில்.

தீக்காய வார்டு. வாசலருகே கட்டுப்போட்ட ஒருவரிடம் நரசிம்முலுவா என்றேன். "ஆ" என்றார். உட்கார்ந்து என் தெலுங்கில் ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவர் ஆட்டோ டிரைவராம். அவரும் நரசிம்முலுதான். நர்ஸ் சலித்துக்கொண்டாள். "இண்டிபேரு ஏமி?" தெரியாது. என் இரண்டு பக்கத்திலும் அவர் வெறும் ஆபரேட்டர்.

ரப்பர் கம்பெனி நரசிம்முலு ஜன்னலோரம் இருந்தார். முகத்தில் பாதி கட்டு, ஒரு கண் வெளியே. மனைவி இண்டிபேரோடு முழுப் பெயரையும் சொல்ல, தாளில் ஆபரேட்டர் என்று இருந்த ஏழு இடத்திலும் எழுதினேன். அவர் இடது கையால் கவரை வாங்கி மாத்திரை அட்டைகளோடு தலையணைக்கு அடியில் வைத்தார். வேலைக்கு வர வேண்டாம் என்று திங்கட்கிழமையே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். இந்தத் தாளைக் காட்டினால் திரும்ப எடுப்பார்களா என்று கேட்டார். யூனியன்காரரிடம் கொடுங்கள் என்றேன். எடுப்பார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஸ்பெல்லிங், மேட்ச், கம்பைலர் எதையும் சொல்லவில்லை. தப்பு என் பேனலில், உங்களிடம் இல்லை என்று மட்டும்.

அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, "கேஜ் மஞ்சிதேனா மேடம்?" கேஜ் நல்லதுதானா.

"மஞ்சிதே."

"மூடுனூ?" மூன்றுமா.

மூன்றும் என்றேன். முள் அன்றைக்குச் சரியாகத்தான் காட்டியது என்றேன்.

வெளியே இருந்த அந்த ஒரு கண் என்மேல் இல்லை. கூரையைப் பார்த்துத் தன்னையே கேட்டுக்கொண்டார்.

"மரி நேனெந்துகு நம்மலே?"

அப்புறம் நான் ஏன் நம்பவில்லை.