மூன்றாவது சுற்றில் நின்றுபோன கார்

மாமா,

நேற்று பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினேன். பழைய சார்ஜர்களுக்கும் சிக்கிக்கிடந்த வயர்களுக்கும் அடியில் அந்தக் கையடக்கக் கறுப்பு கேம் பெட்டி கிடந்தது. பேட்டரி உப்பிப்போய்ப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் வைக்கிற இடதுபக்கக் குமிழ் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அது உங்கள் விரல் தேய்த்தது. ஸ்டூலில் நின்றபடியே சிரித்துவிட்டேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் மகன், "என்ன?" என்றார். "மாமா" என்றேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

கல்யாணமாகி நாலாவது மாதமே கார்த்திக்கை ஆபீஸில் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள், ஞாபகமிருக்கிறதா? பழைய மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வெட்டிப்போட்டிருந்த காலம். கேளம்பாக்கத்தில் அந்த மூன்றாவது மாடி ஃபிளாட்டில் நீங்களும் நானும் மட்டும். அத்தை அதற்கு முந்தின வருடம்தான் தவறியிருந்தார். டவுன்ஷிப் ஸ்டோர்ஸில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த நீங்கள், குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு, முகம் தெரியாத அபார்ட்மென்டில் வந்து உட்கார்ந்திருந்தீர்கள். "சாப்பிட்டியாம்மா?" "ஆச்சு மாமா." நம் ஒரு நாள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

நீங்கள் கும்பகோணத்துக்குத் தம்பி வீட்டோடு போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததை கார்த்திக் பிறகுதான் சொன்னார். நானும் ஆபீஸ் தோழிகள் தங்கியிருந்த ஹாஸ்டலில் ஒரு கட்டில் விசாரித்து வைத்திருந்தேன். உங்கள் மேல் குறை எதுவுமில்லை. அந்த வீட்டின் அமைதியைத்தான் தாங்க முடியவில்லை.

கேம் பெட்டியை கார்த்திக் விட்டுவிட்டுப் போயிருந்தார். கம்பெனி கொடுத்த மென்பொருளை மாற்றி, தன் இஷ்டத்துக்குக் கூடுதல் சமாச்சாரங்களை அதில் ஏற்றி வைத்திருந்தார். திரையின் ஓரத்தில் மணி காட்ட ஒன்று, திரையைப் படம் பிடிக்க ஒன்று, விளையாடும்போதே பாட்டு ஓட ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தீர்கள்.

"அது என்னம்மா, காரா?"

"ஓட்டிப் பாக்கறீங்களா மாமா?"

வாழ்நாள் முழுக்க சைக்கிளும் டவுன்ஷிப் பஸ்ஸும்தான் உங்களுக்கு. பெட்டியை இரண்டு கையாலும் சாமித் தட்டு மாதிரி வாங்கிக்கொண்டீர்கள். வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்தீர்கள். பின்னால் வந்த கார்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டீர்கள். பந்தயம் மாமா, அவர்களை முந்த வேண்டும் என்றேன். "போகட்டும், அவங்களுக்கு என்ன அவசரமோ" என்றீர்கள். ஒரே சுற்றுப் பந்தயம்தான், அதில் கடைசியாக வந்தீர்கள். மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டீர்கள்.

அதன்பின் ஒரு சாயங்காலம் கதவைத் திறந்த உங்கள் முகம் சரியாக இல்லை. "சுமதி, ஒண்ணு சொல்லணும். நான் எதையும் இடிக்கலை" என்றீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல்முறையாக மூன்று சுற்றுப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பெட்டி அணைந்துபோயிருக்கிறது. பயந்துபோய் கார்த்திக்குக்கு ஃபோன் போட்டிருக்கிறீர்கள். அவர் வேலை அவசரத்தில், "க்ராஷ் ஆயிருக்கும்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"க்ராஷ்ங்கறான். நான் நாப்பதுலதாம்மா போனேன். முன்னாடி பின்னாடி ஒரு வண்டி கிடையாது."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். முடியவில்லை. கம்ப்யூட்டர் பாஷையில் க்ராஷ் என்றால் ஓடிக்கொண்டிருப்பது பாதியில் செத்துப்போவது, இடித்ததென்று அர்த்தமில்லை என்று சொன்னேன். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தும் அதையா என்று அலுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. "முதல்ல மறுபடியும் வருதான்னு பாப்போம் மாமா" என்றேன். வந்தது. மூன்றாவது சுற்றில், சுரங்கப்பாதையைத் தாண்டியதும் திரை உறைந்தது, பிறகு இருண்டது. உங்கள் சந்தேகமெல்லாம் சுரங்கத்தின் மேல் விழுந்தது. அதைச் சுற்றிப் போக வேறு பாதை உண்டா என்று புல்வெளியிலெல்லாம் காரை இறக்கிப் பார்த்தீர்கள். வேறு விளையாட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று சீட்டு விளையாட்டை எடுத்தோம். அதுவும் நின்றது.

"பாவம், சுரங்கத்தைத் தப்பா நெனைச்சுட்டேன்" என்றீர்கள். பிறகு டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் காபி ஆறுற நேரத்துக்குத்தான் நிக்குது, கவனிச்சியா?" என்றீர்கள். நான் கவனிக்கவில்லை.

கார்த்திக்கிடம் சாவகாசமாகப் பேசியதில் வழி கிடைத்தது. வலதுபக்க மேல் பட்டனை அழுத்திக்கொண்டே பெட்டியை ஆன் செய்தால், கூடுதலாக ஏற்றியதையெல்லாம் நிறுத்தி வைக்கிற ஒரு பக்கம் வரும். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. யாராவது அப்டேட் பண்ணச் சொன்னா பண்ணாதீங்க. நான் மாத்தி வச்சிருக்கறதும் கம்பெனி அப்டேட்டும் ஒத்துக்காது, மொத்தமா செத்துடும்" என்றார். நீங்கள் பட்டனைப் பிடித்தீர்கள், நான் சுவிட்சைத் தள்ளினேன். எல்லாவற்றையும் நிறுத்தினோம். கார் மூன்று சுற்றும் ஓடி முடித்தது.

"அவ்வளவுதானே?" என்றீர்கள்.

"இல்ல மாமா. எது காரணம்னு தெரியணும். ஒவ்வொண்ணா திரும்பப் போட்டுப் பாக்கணும். ஒரு தடவைக்கு ஒண்ணுதான்."

அந்த வாரம் பார்த்து எனக்கு ஆபீஸில் வேலை மேல் வேலை. வீடு வந்ததும் விழுந்து தூங்குவேன். பெட்டி டீப்பாயின் மேல் அப்படியே கிடந்தது. ஒருநாள் வந்து பார்த்தால் அதைக் காணோம். உங்களையும் காணோம். அந்த ஃபிளாட்டுக்கு வந்ததிலிருந்து நீங்கள் தனியாக கேட்டைத் தாண்டியதே இல்லை. வாட்ச்மேன், "ஐயா ஷேர் ஆட்டோ ஏறி ஜங்ஷனுக்குப் போனாரும்மா" என்றார். ஜங்ஷனில் கேம் பெட்டி ரிப்பேர் பார்க்கிறவர் செல்போன் கடை தணிகா ஒருவர்தான். எதற்கெடுத்தாலும் அப்டேட் போடுகிற ஆள். செத்தது பெட்டி என்று நினைத்துக்கொண்டு பால்கனியில் நின்றேன். அதைவிடவும், இதற்குப் பிறகு நாம் எதைப் பேசுவோம் என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

கையில் மஞ்சள் பையோடு வந்தீர்கள்.

"ஏதாவது செஞ்சாங்களா மாமா?"

"செய்யறேன்னான். நான் விடலை." பையிலிருந்து பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். "நீயே பாரு."

அன்றே ஆரம்பித்தோம். மணி காட்டுவதைப் போட்டோம், ஓடியது. படம் பிடிப்பதைப் போட்டோம், ஓடியது. பாட்டைப் போட்டோம். மூன்றாவது சுற்றில் நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் பாட்டு எங்கே? இத்தனை சோதனையிலும் ஒரு பாட்டும் கேட்கவில்லையே.

அப்போதுதான் சொன்னீர்கள். தூங்குகிற எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று முதல் நாளே சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்துவிட்டீர்களாம்.

சத்தத்தை ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டினோம். முதல் பாட்டு பாடி முடிந்தது. இரண்டாவது பாட்டு ஒரு விக்கல் விக்கியது, பெட்டி அணைந்தது. கார்த்திக் அவசரத்தில் பாதி மட்டும் ஏற்றிவிட்டுப் போன பாட்டு. அதை அழித்தோம். கார் சுரங்கத்தைத் தாண்டியது, பாலத்தைத் தாண்டியது, முடிவுக் கோட்டையும் தாண்டியது. எட்டாவது இடம். ஓடியது எட்டுக் கார்தான். நீங்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "வா, நிஜ ரோட்டைப் பாத்துட்டு வருவோம்" என்றீர்கள்.

அந்தச் சனிக்கிழமை கோவளம் போய் பஸ் மாறி மகாபலிபுரம் போனோம். டிரைவருக்குப் பின்சீட்டுதான் வேண்டும் என்று பிடித்து உட்கார்ந்தீர்கள். திருவிடந்தை தாண்டியதும் அவர் ஒரு வேனை முந்தியபோது, "இவரு மூணாவது சுத்துல மாட்டுவாரு" என்று என் காதில் சொன்னீர்கள். கடற்கரையில் மாங்காய்த் துண்டைச் சாப்பிட்டுக்கொண்டே முதல்முறையாக அத்தையைப் பற்றிப் பேசினீர்கள். டவுன்ஷிப் கிரவுண்டில் அத்தை மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டதையும், நிறுத்தத் தெரியாமல் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்ததையும், பெட்ரோல் தீரும்வரை நீங்கள் பின்னாலேயே ஓடியதையும் சொன்னீர்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம். நான் ஹாஸ்டலுக்கு ஃபோன் செய்து கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கும்பகோணப் பேச்சும் அதோடு நின்றுபோனதாக கார்த்திக் சொன்னார்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்கப்புறம் ஒருநாள் சார்ஜர் வாங்க தணிகா கடைக்குப் போனேன். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"இன்னாமா, அந்தப் பெரியவரு வூட்டுப் பொண்ணா நீ? செம ஆளும்மா உங்கப்பா. அப்டேட் ஒண்ணு போட்டா சரியாப் பூடும்னு சொல்லிக்கினே கீறேன், கையப் புடிச்சுக்கினாரு. 'எம்பொண்ணு டெஸ்ட் பண்ணிக்கினு இருக்கா, அவ முடிக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது'ன்றாரு. அப்பறம் இன்னாத்துக்குக் கடைக்கு வந்தீங்கன்னா, 'சும்மா அவ சொல்றது சரிதானான்னு கேக்க வந்தேன், சரின்னு தெரிஞ்சுபோச்சு'ன்னு பூட்டாரு."

அவர் என் மாமனார் என்று திருத்த வாயெடுத்தேன். திருத்தவில்லை. சார்ஜரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஃபிளாட்டில் இன்னும் சில வருடங்கள் எங்களோடு இருந்தீர்கள். பேத்தியைப் பார்த்தீர்கள். அவளைத் தூக்கிக்கொண்டு, எதிரே வரும் கார்களுக்கெல்லாம் ஒதுங்கி நின்றீர்கள். பிறகு ஒரு காலை, காபி கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டீர்கள்.

இப்போது என் டீமுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையில் ஊர், குடும்பம் என்று விசாரிப்பார்கள். போன வாரம் ஒருத்தி, "மேடம், உங்கப்பா என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்று கேட்டாள். "ஒருத்தர் விழுப்புரத்துல தபால் ஆபீஸ்ல இருந்தார். இன்னொருத்தர் டவுன்ஷிப் ஸ்டோர்ஸ்ல இருந்தார்" என்றேன். அவள் விழித்தாள். ரசத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

சுமதி