எந்த ஈயம்?

ஏப்ரல் 26, சனி

மழை. காரெல்லாம் மகரந்தம், மஞ்சள் பூசின மாதிரி. மழையிலும் போகவில்லை.

விடிந்ததும் கிளம்பி எடிசன் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மோட்டல். அதன் மீட்டிங் ரூமில் நாள் முழுக்க வகுப்பு. 1978க்கு முன் கட்டிய வீட்டில் பழைய பெயிண்டைச் சுரண்டி வேலை பார்ப்பவர்களுக்கான லெட், அதாவது காரீய விஷத்துக்கான சான்றிதழ். ஜன்னல் மாற்றும் கம்பெனி தம்பி முரளியுடையது, வகுப்பு மட்டும் எனக்கு. "நாள் முழுக்க என்னால உக்கார முடியாதுக்கா. உனக்குத்தான் படிப்பு வரும்." ஆமாம். மருந்துக் கம்பெனி வேலை போனதிலிருந்து எனக்கு எல்லாமே வரும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

அறையில் நான் ஒருத்திதான் பெண். வெள்ளை அங்கி எக்ஸ்எல்தான் மிச்சம். உள்ளே இன்னொரு ஆள் குடிவைக்கலாம். வெஜ் என்று சொன்ன பாவத்துக்கு லஞ்ச்: ரொட்டி, நடுவில் ஒரு இலை.

படித்தது: காய்ந்த பெயிண்டை அப்படியே தேய்க்காதே, தண்ணீர் தெளி. தரையில் பிளாஸ்டிக், வாசலில் பிளாஸ்டிக். துடைப்பம் கூடவே கூடாது. வேலை முடியும்வரை குழந்தைகள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. தூசி கண்ணுக்குத் தெரியாது. குழந்தை தரையைத் தொடும், கையை வாயில் வைக்கும், விஷம் மூளையில் போய் உட்காரும். போனது போனதுதான், திரும்ப வராது என்றார் வாத்தியார். இதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

பரீட்சை பாஸ். முரளிக்கு மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் ஒன்று அனுப்பினான். அவ்வளவுதான் மரியாதை.

ஏப்ரல் 29, செவ்வாய்

பிஸ்கட்டவே ஊரில் வேலை. புதுக் கஸ்டமர்: ரம்யா, கார்த்திக். கும்பகோணத்துக்காரர்கள். இரண்டாம் உலகப்போர் காலத்து வீடு, மர ஜன்னல்கள், தோல் உரிகிற பெயிண்ட். இன்னும் குடிவரவில்லை. மே 9 கிரகப்பிரவேசம், அதற்குள் ஜன்னலெல்லாம் மாற்றியாக வேண்டுமாம். ஒன்றரை வயதுப் பெண், நிலா. பாதி நடை, பாதி தவழல், எது கிடைத்தாலும் வாய்க்குள்.

சோதனைக் குச்சியை ஜன்னல் கட்டையில் தேய்த்தேன். சிவப்பு. லெட் இருந்தால் சிவக்கும். இங்கே தக்காளிச் சிவப்பு.

சட்டப்படி கொடுக்க வேண்டிய கையேட்டைக் கொடுத்தேன். ரம்யா புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் யாரு படிப்பாங்கக்கா? நீங்களே சொல்லிடுங்க, தமிழ்ல." சொன்னேன், நிறுத்தி நிதானமாக. "பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கு ரம்யா. வேலை முடியிற வரைக்கும் பாப்பாவ இங்க கூட்டிட்டு வராதீங்க."

"ஓ, ஈயமா? சரிக்கா."

பதறவே இல்லை. கஸ்டமர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மே 2, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் நல்ல வெயில். ஹாலில் தரை முழுக்க பிளாஸ்டிக், வாசலில் இரட்டைத் திரை, மஞ்சள் எச்சரிக்கை போர்டு. முரளி வழக்கம்போல: "நாலு ஜன்னலுக்கு இவ்ளோ டேப்பாக்கா? இன்னும் கொஞ்சம் போட்டா கல்யாணப் பந்தல்." முதல் ஜன்னல் கழற்றியாயிற்று. டேப் தீர்ந்தது. வாங்கப் போனேன். மு.விடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்: யாரையும் விடாதே.

திரும்பி வந்தால் திரை ஓரமாகத் தொங்குகிறது. உள்ளே ரம்யா. வெள்ளிக்கிழமையாம், ராகுகாலத்துக்கு முன்னால் ஒரு விளக்கு ஏற்ற வந்தாளாம். விளக்கு வைக்க இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? கையில் துடைப்பம். ஜன்னலடித் தூசியைச் சரக் சரக்கென்று பெருக்குகிறாள். வெயில் கற்றையில் அந்தத் தூசி பறப்பதைப் பார்த்தேன். அதன் நடுவில் நிலா. உள்ளங்கை வெள்ளை. கட்டைவிரல் வாயில்.

கத்திவிட்டேன். குழந்தை வீறிட்டு அழுதது. தூக்கிக்கொண்டு போய்க் கையையும் வாயையும் கழுவினேன்.

"எதுக்குக்கா இப்படிக் கத்துறீங்க? ஈயம்னுதானே சொன்னீங்க?"

"ஆமா, அதான் வராதீங்கன்னு..."

"எங்கம்மா வீட்ல தினம் ஈயச் சொம்புலதான் ரசம். உடம்புக்கு நல்லதுன்னுதான் சொல்லுவாங்க. நான் தூசிக்குத்தான் வர வேணாம்ங்கறீங்கன்னு நெனச்சேன்."

ரசச் சொம்புக்கும் ஈயம், இந்த விஷத்துக்கும் ஈயம். சொம்பு வெள்ளீயம், இது காரீயம். இரண்டு பெயர் இருக்கிறது, வாயில் வரும்போது மட்டும் ஒன்றாகிவிடுகிறது. லெட் என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். இங்கிலீஷே பேசாத நாளில்லை, அன்றைக்குப் பார்த்துத் தமிழ்ப் பற்று.

மு. இத்தனை நேரம் எங்கே? பின்பக்கம் போனில். வந்து சிரிக்கிறான். "ஈயச் சொம்பா? செம காமெடிக்கா." மாஸ்க் அவன் நெற்றியில். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

மே 3, சனி

டாக்டரிடம் போனார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்களாம். ரிசல்ட் அடுத்த வாரம். ரம்யா போனை எடுக்கவில்லை. கார்த்திக்கிடமிருந்து ஒரு மெசேஜ்: வீ ட்ரஸ்டட் யூ.

மு.: "நாமதான் போர்டு வெச்சோமே. நம்ம மேல தப்பு இல்ல." போர்டை ஒன்றரை வயசுக் குழந்தை படிக்குமா? இவனோடு பிறந்தேனே.

செய்ய வேண்டியவை: 
ஹால் முழுக்கத் திரும்ப வாக்குவம் 
ஈரத்துணி, இரண்டு தடவை 
அந்தத் துடைப்பத்தைக் குப்பைப் பையில் கட்டு
போர்டைத் தமிழில் எழுது. என்ன வார்த்தை போட? 
பால் வாங்கு

அந்தக் கட்டைவிரலே கண்ணில் நிற்கிறது.

மே 6, செவ்வாய்

நார்மல்.

ரம்யாவே கூப்பிட்டாள், அழுதுகொண்டே. "அக்கா, ஒண்ணும் இல்லையாம். நார்மலாம்." நான் இந்தியன் ஸ்டோர் பார்க்கிங்கில் இருந்தேன். கறிவேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன். பக்கத்துக் கார் ஆன்ட்டி கண்ணாடியைத் தட்டி, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். கறிவேப்பிலை வாடியிருக்கு ஆன்ட்டி என்று சொல்லிவைத்தேன்.

ஜன்னல்கள் முடிந்தன. துடைத்த துணி, ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அட்டையைவிட வெளுப்பு; தூசி இல்லை. மு. முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன்.

மே 9, வெள்ளி

கிரகப்பிரவேசம். பால் பொங்கியது. ஹோமப் புகையில் ஸ்மோக் அலாரமும் பொங்கியது. புரோகிதர் மந்திரத்தை நிறுத்தவில்லை, அலாரமும் நிறுத்தவில்லை. கார்த்திக் நாற்காலி மேலேறித் துண்டால் விசிறினார்.

என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்து, கடைசியில் ஈயச் சொம்பு. போன தடவை சென்னை போனபோது இரண்டு வாங்கினேன். ஒன்று என் அடுப்பில், இன்னொன்று பரணில் சும்மா கிடந்தது. கடைக்காரன் சொன்னதில் பாதிக்குப் பேசி வாங்கியது. என் பேரத்தில் எனக்கே பெருமை.

"இதுதான் நல்ல ஈயம் ரம்யா. ஜன்னல்ல இருந்தது கெட்ட ஈயம். இனிமே மாறிடாது." எல்லோரும் சிரித்தார்கள். ரம்யா கையில் வாங்கி, "எங்கம்மாவுதை விட கனமா இருக்கேக்கா" என்றாள். கனமிருந்தால்தான் தரம் என்றேன். வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே, உருகிவிடும் என்று வகுப்பும் எடுத்தேன். சான்றிதழ்க்காரி அல்லவா.

நிலா என்னிடம் வந்தாள். மடியிலேயே தூங்கிவிட்டாள். ஒருவழியாக நிம்மதி.

மே 11, ஞாயிறு

மூட்டம். பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு மு. வந்தான், ஓசிச் சாப்பாட்டுக்கு. அதிசயம்: அவனும் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டான். வந்த இடத்தில் சும்மா இருக்காமல் மிச்சமிருந்த சோதனைக் குச்சிகளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுகிறான். கதவில் தேய்த்தான், ஒன்றுமில்லை. என் மகளின் பழைய பொம்மையில் தேய்த்தான், ஒன்றுமில்லை.

"அக்கா, உன் ரசச் சொம்பு?"

"அது வெள்ளீயம்டா. எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப என்ன பயம்?"

கோபத்தில் குச்சியைப் பிடுங்கி நானே தேய்த்தேன். ரம்யாவுக்குப் போட்டோ அனுப்பலாம், நல்ல ஈயம் பார் என்று. போனைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன்.

சிவப்பு.

குச்சி கெட்டுப்போயிருக்கும் என்றேன். மு. சிரிக்கவில்லை. இன்னொன்று உடைத்துக் கொடுத்தான். அதுவும் சிவப்பு. ஜன்னல் கட்டையில் வந்த அதே தக்காளிச் சிவப்பு. அடுப்பில் அதே சொம்பில் காலையில் வைத்த ரசம் மிச்சம் இருக்கிறது. என் மகள் சாப்பிட்டுவிட்டு லைப்ரரி போயிருக்கிறாள்.

ரம்யாவைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"ரம்யா, பாப்பாவுக்கு என்ன சாதம் குடுத்த?"

"உங்க சொம்பு ரசம்தான்க்கா! முந்தாநேத்துலேருந்து வேற எதுவும் தொட மாட்டேங்கறா. இப்பதான் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிடறா. ஏன்க்கா?"